அடுத்த பங்குனிக்குள்ளே

பேச்சியம்மாளிடம் புதிர் கேட்க உட்காருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். விடை தப்பாகப் போனால் அவளுக்குக் கோபம் வராது. விடைக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டால்தான் வரும். "சும்மா தோணிச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்று சாயங்காலம் வரை அவள் வாயில் அரைபட வேண்டியதுதான்.

கொச்சங்காடியில் ஒரு சேட்டின் பாண்டிகசாலையில் அவளுக்கு வேலை. சரக்கு அடுக்குகிற கிட்டங்கியை மட்டாஞ்சேரியில் பாண்டிகசாலை என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்பில் முக்கி வெளுத்த சுக்கை நடுவில் குவித்துவிட்டு, சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, முழுசு, உடைசல், பூச்சி அரித்தது என்று பிரித்துப் போடவேண்டும். கைக்கும் கண்ணுக்கும் வேலை, வாய்க்கு வேலையே இல்லை. அந்த வாய்களுக்கெல்லாம் வேலை கொடுத்தவள் பேச்சி. புதிர்களை அவள் எங்கிருந்தும் படித்து வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். கண்ணில் படுகிற எதையாவது எடுத்து முடிச்சுப் போட்டு முன்னால் வைப்பாள்.

"மட்டாஞ்சேரிப் பூனை எதுக்குமே வால் கிடையாதுன்னு வெச்சுக்கோங்க. ஹம்ஸாக்கா சாயாக்கடைப் பூனை மட்டாஞ்சேரிப் பூனை. அதுக்கு வால் உண்டா, இல்லையா?"

"உண்டே மைனி" என்பாள் மீனாக்ஷி. "நேத்துகூட அந்த வாலைப் பிடிச்சுத்தானே வெளிய எறிஞ்சேன். என் மத்தியை அப்படியே தின்னுட்டுப் போச்சு."

"வெச்சுக்கோன்னுதானே சொன்னேன்?"

"கையில பிடிச்ச வாலை இல்லைன்னு எப்படி மைனி வெச்சுக்க?"

மற்ற பெண்கள் சிரிக்க, பேச்சி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் மீனாக்ஷியை அவளுக்குப் பிடிக்கும். தண்ணீர்ச் செம்பு இரண்டு பேருக்கும் ஒன்று. கொண்டுவருகிற கப்பைக்கிழங்கையும் மீன்குழம்பையும் பங்கு போட்டுத்தான் தின்பார்கள்.

பேச்சி பிறந்தது வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரியில்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தெரு கூட்டுகிற வேலைக்கு வந்த ஜனங்கள் ஒரு சந்தை நிறைத்துக்கொண்டு குடியிருந்தார்கள். அந்தச் சந்துக்குத் தமிழ்த்தெரு என்று பேர். புருஷன் இசக்கிமுத்து கார்ப்பரேஷனில் சாக்கடை வாருகிறவன். அதிகம் பேசமாட்டான். இவள் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டான் போல. ஒரே மகளைக் களமசேரிக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. வயது நாற்பதைத் தாண்டியபோது, ஒரு குறையும் இல்லாத பொம்பிளை என்று அவளைச் சொல்லலாம். அந்த நேரத்தில்தான் மூக்குத்தி காணாமல் போனது.

தெருக்கோடியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். பூசாரி பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு மட்டும் வருவார். மற்ற நாளில் கோயில் சாவி செல்லதுரை மேஸ்திரியிடம் இருக்கும். கார்ப்பரேஷனில் அவர் மேஸ்திரி, தெருவில் அவர் தலைவர். பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள், விரதம் இருக்கிற ஐந்து பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மனை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டிவிட்டு வருவது வழக்கம். ஆண்கள் யாரும் அப்போது உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. எழுபத்தாறாம் வருஷத்துப் பங்குனியில் அந்த ஐந்து பேரில் பேச்சியும் உண்டு, அதே தெருவில் குடியிருந்த மீனாக்ஷியும் உண்டு. அவர்கள் வெளியே வந்த பிறகு விளக்கைத் தூக்கிப் பார்த்த செல்லதுரை, அம்மன் மூக்கில் தங்க மூக்குத்தி இல்லை என்றார்.

கோயில் முன்னால் தெருவே கூடிவிட்டது. உள்ளே போனது ஐந்து பேர், சாமான் இல்லை, அப்படியானால் ஐந்தில் ஒருத்தி. எல்லாருக்கும் கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது. மூக்குத்தி அன்றைக்குத்தான் போனதா, அதற்கு முன்பே போய்விட்டதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. போலீஸுக்குப் போகலாமென்றால் அது அவசரநிலைக் காலம், பெண்டுகளை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தால் திரும்ப எப்போது விடுவான் என்று யாருக்கும் தெரியாது. வைப்பீனிலிருந்து மை போட்டுப் பார்க்கிற மந்திரவாதியைக் கூட்டி வரலாம் என்றார் செல்லதுரை.

இந்த இடத்தில் பேச்சியைத் திட்டாமல் மேலே போகக்கூடாது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மந்திரவாதி வந்து, வெற்றிலையில் மையைத் தடவி, ஏதோ ஒரு திசையைக் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருப்பான். ஆனால் நாலு பேர் ஒரு முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் நின்றால் அவளுக்குக் கை பரபரக்கும்.

"மந்திரவாதி எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். "அஞ்சு பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவோம். நான் எடுத்திருந்தா அடுத்த பங்குனிக்குள்ள என் கண்ணு அவிஞ்சு போகட்டும்னு சொல்லணும். எடுக்காதவளுக்கு என்ன பயம்? படக்குனு அணைச்சிருவா. எடுத்தவ கை நடுங்கும், சாக்குச் சொல்லுவா. யாரு தயங்குறாளோ அவதான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். பெருமைதான், வேறென்ன.

தட்டில் சூடம் ஏற்றினார்கள். முதலில் பேச்சியே போய், சத்தியத்தைக் கணீரென்று சொல்லி, உள்ளங்கையால் பொத்தி அணைத்தாள். அடுத்தடுத்து மூன்று பேர். கடைசியாக மீனாக்ஷி. ஒருத்தி கையும் நடுங்கவில்லை, ஒருத்தியும் சாக்குச் சொல்லவில்லை. சூடப் புகையில் பேச்சி திகைத்து நின்றாள். ஐந்து பேருமே எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

"சரி" என்றார் செல்லதுரை. "இனி அம்மன் பார்த்துக்குவா. அடுத்த பங்குனி வரைக்கும் நாமளும் பார்ப்போம்."

அன்றிலிருந்து தெரு அந்த ஐந்து பேருடைய கண்ணைத்தான் பார்த்தது. ஐவரில் ஒருத்தி குழாயடியில் குடத்தோடு நின்றால், பக்கத்தில் நிற்கிறவள் வளவளவென்று பேசிக்கொண்டே இவள் கண்ணுக்குள் ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொள்வாள். கண்ணில் தூசி விழுந்தால்கூட ஐவரில் எவளும் வெளியே நின்று கசக்கமாட்டாள். சுக்குக் கிட்டங்கியில் சுண்ணாம்புப் பொடி பறந்து கண் எரியாத நாளே கிடையாது. அங்கே வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அதெல்லாம் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

மழைக்காலம் பிறந்ததும் ஊரெல்லாம் கண்ணோய் பரவியது. மலையாளிகள் செங்கண்ணு என்பார்கள். ஹம்ஸாக்காவுக்கு வந்தது, செல்லதுரை மேஸ்திரிக்கு வந்தது, தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. மீனாக்ஷிக்கும் வந்தது. மற்றவர்களுக்கு வந்தால் காற்றில் வந்த நோய். மீனாக்ஷிக்கு வந்தால் அது சூடம். அவள் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். இதில் வருத்தமான சங்கதி, பேச்சியும் அப்படித்தான் நினைத்தாள். கிட்டங்கியில் நகர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீருக்குத் தனிச்செம்பு கொண்டுவந்தாள். மீனாக்ஷி அந்தச் செம்பைப் பார்த்துவிட்டுக் குனிந்து சுக்கைப் பிரித்தாள். நோய் சீக்கிரமே வடிந்து கண் தெளிந்துவிட்டது. வந்துவிட்டுப் போனால் சேர்த்தி இல்லை, அவிந்தால்தான் சேர்த்தி என்று செல்லதுரை தீர்ப்புச் சொன்னார். பேச்சி பழைய செம்புக்கே திரும்பினாள், ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி மாசம், மலையாளிகளுக்குக் கர்க்கடகம். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பேச்சிக்குத் தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. மழையீரம் என்று நினைத்தாள். மறுநாள் வீட்டு விளக்கைச் சுற்றியும் அதே வளையம். இடது கண்ணைப் பொத்தினால் வளையம் இருக்கிறது, வலது கண்ணைப் பொத்தினால் இல்லை.

தன்னிடமே புதிர் கேட்டுக்கொண்டாள். எடுத்தவளுக்குத்தான் கண் போகும். நான் எடுக்கவில்லை. ஆகவே இது சூடம் இல்லை, நோய். நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இதுவரைக்கும் கணக்கு நேராக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவுக்குத் தெரியும். தெரு அடுத்த பங்குனி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே வந்ததும் கணக்கு நின்றுவிட்டது.

தெரு எப்படி நினைக்கும் என்று ஒரு நாள் சோதித்துப் பார்த்தாள். சுக்குக் குவியலைச் சுற்றி எல்லாரும் இருக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"மழை பெஞ்சா சேட்டு வீட்டு வாசல் முத்தம் நனையும். இப்ப போய்ப் பார்த்தா முத்தம் நனைஞ்சிருக்கு. மழை பெஞ்சுதா?"

"பெஞ்சிருக்கலாம், பெய்யாமலும் இருக்கலாம்" என்றாள் ஒருத்தி. "வேலைக்காரி கழுவி விட்டிருப்பா" என்றாள் இன்னொருத்தி. "குழாய் உடைஞ்சிருக்கும்" என்றாள் மீனாக்ஷி. காரணத்தோடுதான் சொன்னார்கள். பேச்சிக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது.

"சரி, இன்னொண்ணு. ஏதோ ஒரு ஊருன்னு வெச்சுக்கோங்க. அங்க ஒரு பொம்பிளை. பொய்ச்சத்தியம் பண்ணினா கண்ணு போகும். அவளுக்குக் கண்ணு போயிருச்சு. அவ பொய்ச்சத்தியம் பண்ணினாளா?"

"பின்னே? அவதான் எடுத்திருக்கா" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். எதை எடுத்தாள் என்று பேச்சி சொல்லவே இல்லை.

"முத்தத்துக்கு மட்டும் குழாய் உடைஞ்சிருக்கும்னீங்க. இவளுக்கு வேற சீக்கா இருக்கக்கூடாதா?"

"அது மழை சேச்சி. இது அம்மனாக்கும்" என்றாள் ஒரு சின்னப்பெண். காதைப் பிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மீனாக்ஷி மட்டும் நிமிர்ந்து பேச்சியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு பேச்சி புதிர் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

வளையம் போய் மங்கல் வந்தது. மங்கல் ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டே வந்தது. வலது பக்கம் யார் வந்து நின்றாலும் தெரியாமல், திடீரென்று பேச்சுக் கேட்டுத் திடுக்கிடுவாள். கிட்டங்கியில் சுவரை வலது பக்கம் வைத்து உட்காரப் பழகினாள். பூச்சி அரித்த சுக்கை விரலால் தடவிப் பார்த்தே பிரித்தாள். குழாயடிக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டு வந்தாள். ஒரு பொய்யும் சொல்லாமல் நாள் முழுக்கப் பொய்யாக நடப்பது எப்படி என்று அந்த மாதங்களில் அவள் கற்றுக்கொண்டாள்.

இசக்கிமுத்துவிடம் மறைக்க முடியவில்லை. சாயா ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே ஊற்றினாள். இரண்டாவது தடவை ஊற்றியபோது அவன் அவள் கையைப் பிடித்துத் தம்ளர் மேல் நகர்த்தி வைத்தான்.

"எந்தக் கண்ணு?"

"வலது."

"நாளைக்கு லீவு சொல்றேன். எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அங்க கூட்டிப் பெருக்குறது யாரு? நம்ம தெருக் காளியம்மாளும் அவ மருமகளும். கண்ணு வார்டு வாசல்ல நான் போய் நின்னா, போட்டு ஜெட்டிக்கு வந்து சேர்றதுக்குள்ள சேதி இங்க வந்து நிக்கும்."

"களமசேரிக்குப் போ. மகளோட போய் அங்க யாரையாவது பாரு."

"அவ மாமியா யாரு? செல்லதுரை அண்ணாச்சியோட கூடப்பிறந்தவ. மறந்துபோச்சா?"

ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே துடைப்பத்தோடு தெருக்காரர் ஒருவர் நின்றார். தெருவே இந்த ஊரைக் கூட்டிப் பெருக்கித்தானே பிழைத்தது. கும்பளங்கிப் பக்கம் ஒரு வைத்தியர் இருப்பதாக இசக்கிமுத்து கேள்விப்பட்டு வந்தான். அவர் கொடுத்த எண்ணெயைத் தலையில் தேய்த்ததுதான் மிச்சம்.

"பங்குனி வரட்டும்" என்றாள் பேச்சி. "பொங்கல் முடிஞ்சிட்டா சத்தியம் தீர்ந்துபோச்சு. மறுநாளே போவோம். அதுவரைக்கும் பொறுத்துக்க."

பொறுத்துக்கொள்ள வேண்டியது அவனா, அவள் கண்ணா? நீ எடுத்தாயா என்று ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை. அதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. பேச்சி பொய் சொல்லமாட்டாள், எடுக்கவில்லை என்று சொன்னாள், ஆகவே எடுக்கவில்லை. அவ்வளவுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் அந்த வீட்டில் மூச்சு விட்டாள்.

ஐப்பசியில் பாதிப் பார்வை போயிற்று. மார்கழியில் வலது கண்ணுக்குப் பகலும் புகைபோலத்தான் தெரிந்தது. தை மாதம் ஒருநாள் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றாள். நான் எடுக்கவில்லை என்று உனக்காவது தெரியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பயந்துபோனாள். தெரிந்தும் கண்ணைப் பிடுங்கினால் அவள் என்ன அம்மன், தெரியாவிட்டாலும் அவள் என்ன அம்மன் என்று மனசு தானாக இரண்டு பக்கமும் ஓடியது. யோசிக்கத் தெரிந்த மனசு அவளுக்கு முதல்முறையாக வேண்டாத சுமையாகத் தோன்றியது.

பங்குனி வந்தது. பொங்கலன்று ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, தெருவே பார்க்க, அம்மன் முன்னால் ஆளுக்கொரு விளக்கு ஏற்றச் சொன்னார் செல்லதுரை. பேச்சி முந்தின நாளெல்லாம் வீட்டில் வலது கண்ணை மூடிக்கொண்டு தீக்குச்சி கிழித்துப் பழகியிருந்தாள். திரியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரே தடவையில் ஏற்றிவிட்டாள். ஐந்து விளக்கும் எரிந்தது. குலவைச் சத்தம் தெருவைத் தூக்கியது. யாரும் எடுக்கவில்லை என்று அம்மனே சொல்லிவிட்டாள், மூக்குத்தி எலி கொண்டுபோயிருக்கும் என்றார் செல்லதுரை. இதை ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அவரைக் கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து பேச்சி அழுதாள். தப்பித்துவிட்டோம் என்ற அழுகை.

பொங்கல் முடிந்த மறுவாரம் இரண்டு பேரும் போட்டில் ஏறிக் காயலைக் கடந்து எர்ணாகுளத்துக்குப் போனார்கள். கண் வார்டில் ஒரு இளவயசு லேடி டாக்டர். அவருக்குப் பின்னால், ஜன்னலோரமாகக் காளியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சியைப் பார்த்ததும், "என்ன மைனி, இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள். ஆனால் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

டாக்டர் உட்காரச் சொல்லி, மலையாளத்தில் முதல் கேள்வி கேட்டார். "எத்ர நாளாயி?"

எத்தனை நாளாக இருக்கிறது. உலகத்தில் எந்த டாக்டரும் கேட்கிற கேள்விதான். பேச்சி இதற்குத் தயாராக வரவில்லை. சத்தியம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்து வந்தவளுக்கு, அது முடியவில்லை என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது. ஆடி மாசத்திலிருந்து என்று உண்மையைச் சொன்னால், சத்தியம் இருந்த வருஷத்துக்குள்ளேதான் கண் போயிற்று. அந்த உண்மை அவளைத் திருடியாக்கும். பொங்கலுக்குப் பிறகுதான் என்று பொய் சொன்னால் அவள் உத்தமி. காளியம்மாளின் துணி தரையில் நின்றுவிட்டது.

"ரெண்டு நாளாச்சு" என்றாள் பேச்சி.

இசக்கிமுத்து திரும்பி அவளைப் பார்த்தான்.

டாக்டர் விளக்கடித்து, இமையைத் தூக்கி, கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, புரியும்படி சொன்னார். இது இரண்டு நாளில் வந்தது இல்லை. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிக் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, பல மாதமாக நடந்திருக்கிறது. வலது கண் இனித் திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, ஆனால் மருந்து ஊற்றினால் காப்பாற்றலாம். முன்னாலேயே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை? ஏன் இரண்டு நாள் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒரு கண் போயிற்று என்பதுகூட அந்த நிமிஷம் அவளுக்கு உறைக்கவில்லை. காளியம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போன சத்தம்தான் கேட்டது.

திரும்புகிற போட்டில் கூட்டம் இல்லை. நடுக்காயலில் வந்துகொண்டிருந்தபோது இசக்கிமுத்து வாயைத் திறந்தான்.

"பேச்சி. நீ எடுத்தியா?"

அவள் அதை எதிர்பார்த்தே இருந்தாள். "எடுக்கல" என்றாள்.

"அப்ப எதுக்கு அவங்ககிட்ட அவ்வளவு லேசாப் பொய் சொன்னே?"

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவனுக்கும் புரியும். ஆனால் அவன் கேட்டது அதை இல்லை. பேச்சி பொய் சொல்லமாட்டாள் என்ற முதல் படியே இன்று உடைந்துபோயிற்று, அதற்கு மேலே கட்டியதெல்லாம் எப்படி நிற்கும் என்று கேட்கிறான். இப்படிக் கேட்க இந்த மனுஷனுக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷமாக அவள் நினைத்ததில்லை.

"சரி, விடு" என்றான் அவன். எழுந்து போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டான். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவன் முகம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தேதான் உட்கார்ந்தான் என்று அவளுக்குப் பட்டது, அது மகா வேதனையாக இருந்தது.

தெரு அவளை ஒதுக்கி வைக்கவில்லை. ஒதுக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். தெரு அவளை மன்னித்துவிட்டது. அம்மனே தண்டித்தாயிற்று, மனுஷர் நாம் எதற்கு மேலும் மேலும் என்று செல்லதுரை சொல்லிவிட்டார். கோயில் குளிப்பாட்டுக்கு மட்டும் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மற்றபடி எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். கிட்டங்கியில் அவள் பங்குச் சுக்கிலிருந்து ஆளுக்கொரு கை அள்ளிப் பிரித்துக் கொடுத்தார்கள். "நான் எடுக்கலடி" என்று அவள் சொன்னால், "போனது போகட்டும் சேச்சி" என்று முதுகைத் தடவினார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தால் எதிர்த்து நிற்கலாம். மன்னிப்புக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

வருஷங்கள் ஓடின. மருந்து ஊற்றி ஊற்றி இடது கண் நின்றது. புதிர் கேட்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை. இசக்கிமுத்து எப்போதும் போல இருந்தான். ஒரு வேளைச் சோற்றிலும் குறை வைக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவன் திரும்பக் கேட்கவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த வீட்டில் அது ஒரு ஆள் மாதிரி கூடவே குடியிருந்தது.

எண்பத்திரண்டிலோ மூன்றிலோ, மீனாக்ஷி சுக்கை விரலால் தடவித் தடவிப் பிரிப்பதைப் பேச்சி கவனித்தாள். அப்படித் தடவுவது எதனால் என்று மட்டாஞ்சேரியில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"ஏட்டி, எந்தக் கண்ணு?"

மீனாக்ஷி திடுக்கிட்டாள். "ஒண்ணுமில்ல மைனி. பொடி விழுந்திருச்சு."

பேச்சி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அப்படியே தெரு வழியாக, ஒளிக்காமல், பார்த்தவர்களிடமெல்லாம் "மீனாக்ஷிக்குக் கண்ணு மங்குது, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போய் போட்டு ஏற்றினாள். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. வயசாச்சில்லே, புரை விழுந்திருக்கும் என்றார்கள்.

கண் வார்டு பெஞ்சில் காத்திருந்தபோது மீனாக்ஷி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மைனி, நீ எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு அம்மன் முகத்தைத் தொடச்சது நான்தானே. தொடைக்கும்போதே மூக்குல மூக்குத்தி இல்ல. நாம உள்ள போறதுக்கு முன்னாடியே போயிருக்கு. நம்ம அஞ்சு பேருல யாருமே இல்ல."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை அன்றைக்குக் கோயில் முன்னால் வந்திருந்தால் சூடம் இல்லை, சத்தியம் இல்லை. சத்தியத்துக்குப் பிறகு வந்திருந்தாலும் பேச்சி ஆடி மாசமே இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பாள். வலது கண் இருந்திருக்கும். போட்டில் புருஷன் அப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

"ஏட்டி, அதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள் பேச்சி.

"எப்படி மைனி சொல்லுவேன்? முகத்தைத் தொட்டவ நான் ஒருத்திதான். இல்லைன்னு சொன்னா, இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும், அப்ப நீதான் கழட்டிருக்கேன்னு சொல்லியிருப்பாங்க. ரொம்பப் பயந்துட்டேன். உன் கண்ணு போனப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பாங்களே. நாள் போகப் போகச் சொல்லவே முடியாமப் போச்சு." அவள் அழுதாள்.

பேச்சிக்குக் கையை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது. ஓங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மீனாக்ஷி வாயைத் திறந்திருந்தால் முதலில் எழுந்து, முகத்தைத் தொட்டவள் நீ ஒருத்திதானே என்று காரணத்தோடு மடக்கியிருப்பவள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செல்லதுரைக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

"நான்தான் உன்னைப் பிடிச்சிருப்பேன்" என்றாள். "விடமாட்டேன் நான்."

உள்ளேயிருந்து மீனாக்ஷியின் பேரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் காளியம்மாளின் மருமகள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி எழுந்து, மீனாக்ஷியின் முகத்தை முந்தானையால் துடைத்து, கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட்டிப்போனாள்.

"எத்தனை நாளாச்சுன்னு கேப்பாங்க" என்றாள். "உள்ளதைச் சொல்லு."